முப்பத்தோராவது தொடர்

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த
இங்கிலீஷ் பேப்பரை உருவி எடுத்தேன்.
பாதி வரி சாற்றில் ஊறிப்போயிருந்தது.

'ஹிட் ராக் பாட்டம்'
எங்கள் விலையைப் பற்றித்தான்.
வங்கித் தேர்வு நோட்டில்
முப்பத்தோராவது தொடராக எழுதிக்கொண்டேன்:
அடிப்பாறை தொடுதல்;
அதற்குக் கீழே ஏதுமில்லை.

பாறை எனக்குத் தெரியாதா?
எண்ணூறு அடியில் போர்வண்டி
வெள்ளைப் புழுதி கக்கியபோது
மாதப்பன் சித்தப்பா சொன்னார்,
இன்னும் நூறு இறக்கு.

கிலோ மூன்று ரூபாய் என்கிறது செய்தி.
அது செவ்வாய்க்கிழமை பேப்பர்.
இன்று வெள்ளி.
எடைச்சீட்டில் நான் எழுதுவது
ஒன்றே முக்கால்.

இரண்டாம் பொருளைப் பென்சிலால் அடித்தேன்.
அடுத்த சொல் என்னவென்று
இன்னும் தெரியவில்லை.
அதன் மேல்
ஒரு விதை ஒட்டிக் காய்ந்திருக்கிறது.