படிவம் ஏழு, மூன்றாம் கேள்வி

இது சாலையா?
ஆம். இல்லை.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

கையேட்டில் குழப்பமே இல்லை:
எந்திரம் வைத்துச் சீர்செய்தது சாலை.
வண்டி போய்ப் போய்த் தானாய் விழுந்தது
வெறும் தடம்.
சாலை என்றால் இந்த மேட்டுநிலம்
மாட்டுக்கும் மோட்டார்பைக்குக்கும் சுரங்கக்காரனுக்கும் பொது.
தடம் என்றால் வனம் என்று வேலி போடாமல் வேலி போடுவார்கள்.
மாடு மேயலாம்,
மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி வரக்கூடாது.
புறம்போக்கு அப்படித்தான்,
யாருக்கும் சொந்தமில்லை என்றால்
எல்லோருக்கும் வழக்கு உண்டு.

ஆக, வடக்கு நெவாடாவில், ஒரு வியாழனும் வெள்ளியும்
ஏழு மைல் குனிந்தபடி நடந்தேன்.
இரண்டு பள்ளம், நடுவே ஒரு முதுகு.
முதுகில் சேஜ் புதர், முழங்கால் உயரம்.
அரை மைலுக்கு ஒரு படம்.

டெல்மா அரிஸ்டி தொட்டியடியில் காத்திருந்தார்.
"என் மாமனார் ஐம்பத்தெட்டில் இங்கே பிளேடு ஓட்டினார்."
சாட்சி?
"அவர் செத்துப்போனார். பிளேடு இருக்கிறது."
கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
துருவைப் படமெடுத்தேன். எண் பதினான்கு.
எந்த மண்ணைச் சீவினோம் என்று
துரு சொல்வதில்லை.

நோரீன் விட்லாக் மேற்கிலிருந்து வந்தார்.
முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவர்,
நிலத்தையும் எலும்பு தெரியப் பார்ப்பவர்.
"இஞ்சின் சத்தம் எட்டாத ஓர் இடம்.
ஒன்றே ஒன்று. அது கூடவா பேராசை?"
அவர் வந்தது டீசல் ஜீப்பில்.
அதை நான் சொல்லவில்லை.
நானும் பறந்து வரவில்லையே.

மறுநாள் விடியுமுன் சேஜ் கோழிகளைக் காட்டினார்.
பதினொரு சேவல்கள், மார்பை ஊதி,
வாலை விசிறியாக்கி, தண்ணீருக்குள் கல் விழும் ஒலியோடு.
ஆடுவதற்குப் புதரில்லாத வெற்றுத்தரை வேண்டும் அவற்றுக்கு.
ஆடிக்கொண்டிருந்தன,
டயர் பதிந்த பள்ளத்துக்குள்.
நோரீன் தொலைநோக்கியை இறக்கவேயில்லை,
பேசவும் இல்லை.

பழங்குடி அலுவலகத்து ஆர்லா ஸ்னாப்
பத்து மணிக்கு வந்து நாலாம் கேள்வியைத்தான் வாசித்தார்:
'மனிதச் சுவடு அற்ற நிலமா?'
அவர் நின்ற இடத்தைச் சுற்றிலும்
கிழங்கு தோண்டிய குழிகள், சில போன வாரத்தவை.
"வீடு காலி என்று வாசலில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறீர்கள்.
உள்ளே அடுப்பு எரிகிறது."
சாண்ட்விச்சில் பாதியை எனக்குக் கொடுத்தார்.
நாலாம் கேள்விக்கு வேறு அதிகாரி என்றேன்.
தெரியும் என்றார், மென்றபடி.

மூன்றில் 'இல்லை' என்று குறியிட்டேன்.
கையெழுத்து. தேதி. மணி பத்து நாற்பது.

மழை மூன்று மணிக்குப் பிடித்தது.
அந்தக் களிமண் நனைந்தால் சோப்பு.
சர்க்காரின் பிக்கப், என்னையும் சேர்த்து,
அச்சு வரை இறங்கியது.
ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க
நானே தோண்டினேன்
என் பட்டியலில் இல்லாத ஆழத்தில் இரண்டு பள்ளம்.

இருட்டும் நேரம் டெல்மா டிராக்டரில் வந்தார்.
சங்கிலி மாட்டி இழுத்தார்.
கிழிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார்.
"இப்படியே விட்டால் கன்றுக்குக் கால் ஒடியும்,"
டிராக்டரின் பிளேடை இறக்கினார்.
முன்னும் பின்னுமாய், நாற்பது கெஜம்.
ஹெட்லைட்டில் அந்தத் துண்டு மட்டும்
பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலை போல
வாரிவிட்டுக் கிடந்தது.

இஞ்சினை அணைத்தார்.
அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுப்பது சுலபம்.

படிவம் நனையாமல் இருந்தது.
பத்து நாற்பதுக்கு அது தடம்தான்.
நாற்பது கெஜம் போக
இப்போதும் தடம்தான்.
எந்திரம் வைத்துச் சீர்செய்தது,
என்கிறது கையேடு.
யாருக்காக என்று கேட்கவில்லை.

அடியில் குறிப்புரைக்கு நாலு கோடு விட்டிருக்கிறார்கள்.
முதல் கோட்டில்
'மழை' என்று எழுதியிருக்கிறேன்.