அம்பு ஸ்டிக்கர்

டேபிளில் பீஸை விரித்தால்
என் கண் முதலில் அக்குளுக்குப் போகும்,
அப்புறம் கழுத்துப் பட்டை,
கடைசியில் ஓரத் தையல்.
எண்ணெய்க் கறையோ ஊசி ஓட்டையோ
பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளிவிடுவேன்.
திருப்பூரில் ஒன்பது வருசச் செக்கிங்.
என் கையைத் தாண்டிக் கப்பலேறிய கறை
ஒன்றிரண்டு இருக்கலாம்.

வீட்டில் பீரோவுக்குப் பின்னால் விரிந்து கிடந்ததை
எத்தனை மாசமாகவோ
நான் பார்க்கவே இல்லை.

தன்ஷிகாவுக்கு ராத்திரியானால் இழுப்பு.
பனி என்றோம். பஞ்சுத் தூசி என்றோம்.
கொய்யாப்பழத்தை நிறுத்தினோம்.
மூக்கில் புகை வைத்துவிட்டு
டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்:
"படுக்கற பக்கம் செவுரு எப்படிங்க இருக்கும்?"

வந்து பீரோவை நகர்த்தினேன்.
கறுப்பு.
உளுந்தம்பொட்டை நனைத்துச் சுவரில் வீசினது மாதிரி.
நடுவில் பச்சை. ஓரத்தில் வெள்ளைப் பூசணம்,
நிட்டிங் மிசினடியில் சேரும் பஞ்சைவிட மெல்லிசு.
பிள்ளையின் தலையணை முட்டுகிற இடம் அது.

பொங்கலுக்கு வெள்ளையடித்துத்தான் விட்டிருந்தார்
வீட்டுக்கார ராக்கியப்பன்.
சுண்ணாம்புக்கு அடியில் அது பசியோடு இருந்திருக்கிறது.
"ஈரத்துணிய உள்ள காயப்போட்டா
அப்படித்தானுங்க ஆகும்."
கொடி உள்ளேதான் கட்டியிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.
லைன் வீட்டில் வேறெங்கே கட்ட?

கம்பெனியிலிருந்து ஒரு ஷீட் ஸ்டிக்கர்
(திருட்டுத்தான்)
கொண்டுவந்து கறையின் விளிம்பில் ஒட்டித் தேதி எழுதினேன்.
அடுத்த ஞாயிறு அது அம்பைத் தாண்டியிருந்தது.
மறுபடி ஒட்டினேன்.
அதற்கடுத்த ஞாயிறும்.

ஐந்தாம் தேதி வாடகைக்கு வந்தவர்
செருப்போடு அப்படியே நின்றார்.
நாற்பத்தோரு அம்பு.
எல்லாம் காட்டியது ஒரே இடம்,
அந்தப் பக்கம் அவர் குளிக்கிற ரூம்.
"ஏனம்மிணி, நம்மூட்டு பைப்பாட்டிருக்குது"
என்றார், சத்தம் இறங்கி.

டைல்ஸை உடைத்தார்கள்.
பைப்பு ஒட்டில் தலைமுடி அளவு விரிசல்.
நான் மாஸ்க்கும் என் தம்பியின் பைக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு
சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் சுரண்டினேன்.
காய்ந்ததைச் சுரண்டினால் பறந்து
நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்குமாம்.
தலையணை குப்பை வண்டிக்குப் போனது.
பூச்சைக் கொத்திச் செங்கல் தெரிய விட்டோம்.
ஆடிக்காத்து மாசம் முழுக்க வந்து உலர்த்தியது,
கூலி கேட்காமல்.

இழுப்பு குறைந்திருக்கிறது.
போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
பம்பு இன்னும் ஸ்கூல் பையில் இருக்கிறது.

நேற்று படுக்குமுன்
செங்கல்லில் உள்ளங்கை வைத்துப் பார்த்து
"பாஸ்" என்றாள், சூப்பர்வைசர் மாதிரி.
அவள் தூங்கின பிறகு
நானும் ஒருதரம் வைத்துப் பார்த்தேன்.