அடிப்பக்கம்

மூன்று மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.
தணிக்கை அறையிலிருந்து குவாஜிமா பேசுவார்.
குரலை உயர்த்தவே மாட்டார்.
"மூன்றாம் பத்தி, ஒன்பதாம் வரி,
ஐந்து முதல் ஒன்பது வரை" என்பார்,
சந்தையில் முள்ளங்கி எண்ணி வாங்குவதுபோல.

வேறு வரி கோக்க நேரமிருக்காது.
ஜோங்னோ தெருவில்
நாளிதழ் விற்கும் பையன்கள்
பனியில் கால் மாற்றிக் கால் நிற்பார்கள்.
இடுக்கியால் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பிடுங்கி
தலையைக் கீழே செருகி
அடியை மேலே நிறுத்துவேன்.
அச்சில் விழுவது எழுத்தின் உள்ளங்கால்:
ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு கறுப்புக் கோடு.

குவாஜிமா ஊரின் மரச்செருப்புக்கும்
அடியில் இரண்டு பல்தான்.
ஈரமண்ணில் அது விடும் தடமும் இதுவேதான்.
வாசகர்களுக்குத் தெரியும்
வரியின்மேல் யார் நடந்து போனதென்று.
எண்ணவும் செய்வார்கள்.
எங்கள் மொழியில் அசைக்கு ஓர் ஈயத்துண்டு.
நான்கு தடம் சேர்ந்தாற்போல் வந்தால்
நூடுல்ஸ் கடை முழுக்கப் புரிந்துகொள்ளும்.
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆறு உறைந்திருந்த வாரம்
மியோங்-ஓக் என்றொரு பெண் வந்தாள்.
பட்டாலை வெந்நீரில் வெளுத்த விரல்கள்.
நாளிதழை மேஜையில் விரித்து ஒரு விரலை ஊன்றினாள்.
"மூன்று தடம். என் தம்பி பெயர் இது.
அடுத்த இரண்டு என்ன?"

விடுதலை என்பதற்கு இரண்டு.
மரணம் என்பதற்கும்
இரண்டே.

வாசலில் உளவுக்காரன் சிகரெட் பற்றவைத்தான்.
ஆனால் பயமல்ல காரணம்.
பயம் மட்டும் என்றால் கண்ணால் காட்டியிருப்பேன்.

நான் பார்க்கவில்லை.
ஐந்து முதல் ஒன்பது என்றார்,
எண்ணினேன், கவிழ்த்தேன்.
ஒருவன் தலையெழுத்து என் இடுக்கியில் இருந்தது,
அதன் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.
வரியைக் கோத்த பெக் சூங்கை
அன்றிரவே கூட்டிப்போய்விட்டார்கள்.
கைப்பிரதி குவாஜிமாவிடம்.
எழுத்துகளைக் கலைத்து
அததன் அறையில் போட்டாயிற்று.

வேறென்ன செய்ய? இழுப்பறையைத் திறந்து காட்டினேன்.
ஆயிரமாயிரம் எழுத்து, எல்லாம் நிமிர்ந்த முகம்.
அவள் குனிந்து வெகுநேரம் தேடினாள்,
ஏதோ ஒரு பொந்தில் தம்பி
ஒடுங்கி உட்கார்ந்திருப்பதுபோல.

போகும்போது நாளிதழை மடித்தாள்.
முதல் மடிப்பு சரியாக வரவில்லை.
பிரித்து மறுபடி மடித்தாள்,
அந்த வரியின்மேல்
மடிப்பு விழாதபடி.