லைனுக்கு அந்தப் பக்கம்

முதலில் இங்கே வந்தது
ஆட்களுக்கான ஸ்டேஷன் இல்லை.
ரப்பர் ஷீட்டுக்கான தகரக் கொட்டகை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றின் படத்தில்
அது ஒரு கறுப்புச் சதுரம்.
சுற்றிலும் பச்சை மை. பச்சைக்குள் தோட்டத்தின் பெயர்,
வெள்ளைக்காரக் கையெழுத்தில் சாய்ந்து.
பத்து லிந்தாங் என்று ஓர் ஊர் அப்போது இல்லை.
மாட்டு வண்டி சரக்கை இறக்கிவிட்டுத்
திரும்பிக்கொள்ள ஓர் இடம் இருந்தது.
அந்த வளைவுதான் இன்றைய பாசார் தெரு.
ஏன் இப்படிக் கோணலாக ஓடுகிறது என்று
புதிதாக வந்த இன்ஜினியர் கேட்டார்.
பாகைமானி வைத்துப் பார்த்துச் சொன்னேன்:
இருபத்து மூன்று டிகிரி, சார்.
மாடு அவ்வளவுதான் திரும்பும்.

நான் நில அலுவலகத்தில் படம் வரைகிறவள்.
பத்தொன்பது வருஷம்.
ஊர் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை.
டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
வெளிச்சத்தில் பிடித்தால்
அடியிலிருந்து மெல்ல மேலே வரும்.

கொட்டகைக்கு எதிரே தியோ குடும்பத்தின் அரிசிக் கடை.
அடுத்த தாளில் கள்ளுக்கடை.
அதற்கடுத்த தாளில் போலீஸ் ஸ்டேஷன்.
கிழக்கே ரயில்வே குவார்ட்டர்ஸ்,
ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும் படி வைத்த வீடு.
மேற்கே லயம், பால் ஸ்டோர், சுடுகாடு.
சாதி கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஆனால் முதலில் கேட்டது:
லைனுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?

நடுவில் ஒரு கேட்.
கேட்டில் சங்கிலிமுத்து.
எட்டு நாற்பது மெயிலுக்கு அவர் கட்டையை இறக்கினால்
இரண்டு பக்கமும் ஊர் வந்து நிற்கும்.
ரொக்கியா நாசி லெமாக் விற்று முடித்தது
அந்த ஏழு நிமிஷத்தில்தான்.
சம்பந்தம் பேசியிருக்கிறார்கள்,
கடன் கேட்டிருக்கிறார்கள்,
கொடுக்காதவனை முறைத்திருக்கிறார்கள்.
அவர் பச்சைக் கொடியோடு
யாரையும் பார்க்காமல் நிற்பார்.

பிறகு இரட்டைத் தண்டவாளம்.
மேலே மின்சாரக் கம்பி, இரு பக்கமும் வேலி.
லயம் இருந்த இடத்தில் தாமான்,
அதற்கு ஒரு பூவின் பெயர்.
ஸ்டேஷன் முகத்தைத் தாமான் பக்கம் திருப்பிக்கொண்டது.
பாசார் தெருவுக்கு இப்போது அதன் முதுகு,
முதுகில் ஏர்கான் பெட்டிகள்.
கேட்டை நான்தான் மூடினேன் என்று சொல்லலாம்:
ஒரு செவ்வாய்க்கிழமை, பிளேடால் சுரண்டி,
இரண்டு சின்னக் கோடுகள்.
அந்த இடத்தில் நடைபாலம் வரைந்தேன்.
நாற்பத்தெட்டுப் படி, ஒரு லிஃப்ட்.

சங்கிலிமுத்து கிழக்கே, மகள் வீட்டில் செத்தார்.
சுடுகாடு மேற்கே.
வேன் மேம்பாலம் சுற்றிப் போனால் ஆறு கிலோமீட்டர்.
"அவரப் போயி எதுக்குச் சுத்த விடணும்?"
யாரோ சொன்னார்கள், பெட்டி தோளேறிவிட்டது.
லிஃப்டில் நுழையவில்லை.
நிமிர்த்தி வைக்கலாமே என்றான் ஒரு பையன்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
படியில் தூக்கினார்கள்.
இருபத்தாறாவது படியில் தோள் மாற்றினார்கள்,
ஒரு தோள் தியோவின் மகனுடையது.
உச்சியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது
அடியில் பட்டர்வொர்த் வண்டி போனது.
ஏழு நொடி இருக்கும்.
தேய்ந்த செருப்புகளின் கீழ் பாலம் கொஞ்சம் அதிர்ந்தது.

நான் அங்கே துக்கத்துக்குப் போகவில்லை, வேலையாக இருந்தேன்.
பாலத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்,
நகராண்மைக் கழகத்துக்குக் கணக்கு வேண்டும்.
படிவத்தில் கட்டங்கள்:
நடப்பவர். சைக்கிள். சக்கர நாற்காலி. பிள்ளை வண்டி.
லிஃப்டின் ஆழத்தை அளந்து ஓரத்தில் குறித்தேன்,
அதை யாரும் கேட்டிருக்கவில்லை.
மாலை நாலிலிருந்து ஐந்து வரை
கிழக்கிலிருந்து மேற்கே
நடந்து போனவர்கள் அறுபத்திரண்டு பேர்.
அறுபத்து மூன்று என்று எழுதினேன்.
அதிகாரி கூட்டிப் பார்த்தார்.
சரியாக இருக்கிறது என்றார்.