நீலத்தாள்

செவ்வாய்க்கிழமை நான் அடைத்த பல் அழகு.
குன்று, பள்ளம், ஓடை எல்லாம் வைத்துச் செதுக்கி
போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.
வியாழன் காலை, ஷட்டர் பாதி ஏறும் முன்
குனிந்து உள்ளே வந்தாள் தெய்வாத்தாள்:
"பல்லு நெட்டையாப் போச்சுங்க டாக்டர்.
இட்லி பட்டாலே காதுக்குள்ள ஆணி."

வேலந்தாவளத்தில் எடைமேடை அவளுடையது.
தேங்காய் லோடு, மாட்டு லாரி,
பாலக்காடு போகும் தக்காளி
எல்லாம் அவள் ஜன்னலைத் தாண்டித்தான்
எல்லை கடக்கும்.

எக்ஸ்ரே சுத்தம்.
என்ன செய்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது:
பாடப்புத்தகத்துப் பதினெட்டு வயதுப் பல்லை
ஐம்பத்தொரு வயது வாயில் நட்டிருக்கிறேன்.
மேலே அதன் ஜோடி
சோளமும் கொட்டைப்பாக்கும் மென்று தேய்ந்து
தட்டையாய்க் காத்திருந்தது.
நான் அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றும் கடிக்கச் சொன்னேன்தான்.
மல்லாந்த உடம்பு, மரத்த தாடை.
"சரியா இருக்கா?"
"சரிங்க."
மரத்த வாய் எதற்கும் சரி என்றுதான் சொல்லும்.

இன்று நாற்காலியை நிமிர்த்தினேன்.
ஈரம் ஒற்றி, நீலத்தாள் வைத்து
"டக்குனு கடிங்க" என்றேன்.

ட-டக்.

முதல் சத்தம் என்னுடையது.

நீலக் கறைகள் நிறைய. பாதி பொய், தாள் உரசியவை.
ஒன்று மட்டும் வளையம்;
மை பிதுங்கி விலகி
நடு வெளுத்திருந்தது.
முழுத் தாடையும் வந்து இறங்கிய இடம்.

தொட்டும் தொடாமலும் பர் வைத்து
தூசு அளவு எடுத்தேன்.
மறுபடி தாள். மறுபடி தூசு.
பிறகு சிவப்புத் தாள்:
"இப்படியும் அப்படியும் அரைங்க, மாடு அசை போடற மாதிரி."
சிரித்ததில் தாள் மடியில் விழுந்தது.
"ஒத்தச் சக்கரம் கல்லு மேல ஏறி நின்னா
என் மேடையும் இப்படித்தானுங்க பொய் பேசும்"
என்றாள், கொப்பளித்துத் துப்பிவிட்டு.

டக்.
ஒரே சத்தம்.
இன்னொரு தடவை கடித்துப் பார்த்தாள்.
காசு கொடுத்த பின்னும் கடித்தாள்,
படியிறங்கும்போதும்.

போட்டோவில் இருக்கும் உச்சி
அவள் வாயில் இப்போது இல்லை.
புதிதாய் ஒன்று எடுக்கத் தோன்றவுமில்லை.

அடுத்தவர், கள்ளுக்கடைக் கணக்கு எழுதும் சாமிக்குட்டி.
ஊசிக்கு முன்பே நீலத்தாளை நீட்டினேன்.
"எந்தா டாக்டரே, கார்பன் பேப்பரோ?"
"ஆமாம். நான் தொடுவதற்கு முன்
உங்கள் வாய் எப்படி இருந்ததென்று
ஒரு நகல் வேண்டும்."