சொட்டு

தேவதாருக் கட்டைக்குள் ஒரு மீன் காத்திருந்தது
என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்.
கட்டைக்குள் கட்டைதான் இருந்தது.
கத்தி போன போக்கில் வால் மெலிந்தது,
கொஞ்சம் அதிகமாகவே.

குளியல் தொட்டியில் விட்டேன். மல்லாந்தது.
வயிற்றில் துளையிட்டு ஈயம் ஊற்றினேன். ஒருக்களித்தது.
இன்னும் இரண்டு குண்டுமணி எடை.
மூன்றாம் நாள் நிமிர்ந்து மிதந்தது,
சம்பள நாளில் தெருவில் வருகிறவன் மாதிரி.

வெள்ளை பூசிக் காயவைத்து
உடம்பு தேய்க்கும் நைலான் வலையை
இறுக்கிப் போர்த்தி அதன்மேல் பச்சை ஊதினேன்.
வலையை உரித்தால் செதில்.
எந்த வலையிலும் சிக்காத மீனுக்கு
வலைதான் தோல்.
பெர்ச் மீனுக்குரிய ஏழு பட்டை.
அடித்துடுப்புக்கு ஆரஞ்சு.
கண்ணுக்கு, குண்டூசித் தலையில் தொட்ட கறுப்பு.

மிச்சம் பூச்சு.
இரண்டு புட்டிப் பிசின், சரிக்குச் சரி,
குமிழி வராமல் கலக்க வேண்டும்.
நான்கு மணி நேரம் இளகியே இருக்கும்.
தொங்கவிட்டால் வாலுக்கு வடியும்,
கிடத்தினால் வயிற்றுக்கு.
சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிடத்துக்கு ஆறு சுற்று.

அதற்கான சக்கரம் எல்டன் கொட்டகையில் இருக்கிறது.
கோழி வாட்டும் கம்பியின் மோட்டார்,
பழைய சைக்கிள் வளையம்.
பாதிக் காசு என்னுடையது.
அக்டோபருக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல். விஸ்கான்சினின் வடகோடி.
ஏரி இன்னும் பனிக்கட்டி,
ஓரத்தில் மட்டும் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர்.
தட்டினேன்.
“சக்கரம் வேண்டும்.”
“என்னுடையது இரண்டு அதில் சுற்றுகிறது,” என்றான்.
கதவை மூடவில்லை.
“இடம் இருக்கிறது, வெரோனா.”

ஒன்பதரைக்கு உறைமழை.
கம்பிகள் கனத்து எங்கோ அறுந்தன.
மோட்டார் நின்ற பிறகுதான்
இவ்வளவு நேரம் அது முனகிக்கொண்டிருந்தது தெரிந்தது.
கைவிளக்கு ஒளியில்
மூன்று முதுகுகளிலிருந்தும் ஈரம்
கீழே நகரத் தொடங்கியது.

மண்ணெண்ணெய் அடுப்பை நடுவில் வைத்துக்கொண்டோம்.
அவன் நூறு சுற்று. நான் நூறு சுற்று.
எண்ணுவது நல்லது.
எண்ணுகிறவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

பதினொன்று தாண்டி, என் முறையில், அறுபத்திரண்டில்,
“படகை விற்றுவிட்டேன்,” என்றான்.
“பிப்ரவரியில்.”

முன் இருக்கையின் கிழிசலில்
நான் ஒட்டிய கறுப்பு நாடா.
என் தெர்மாஸ் குடுவை நிற்கும் வளையம்.
இடது துடுப்பில் என் பல் பதிந்த இடம்,
அது வேறு கதை.

“யாருக்கு?”
“ஆஷ்லாந்தில் ஒரு பல் மருத்துவர்.”
“மீன் பிடிப்பாரா?”
“பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாராம்.”

கொட்டகைக் கூரையில் பனி வழுக்கி விழுந்தது.

“சுற்று,” என்றான் எல்டன்.
அப்போதுதான் பார்த்தேன், என் கை நின்றிருந்தது.
அறுபத்து மூன்று.

விடிந்தபோது மூன்றும் இறுகியிருந்தன,
கண்ணாடிக்குள் வைத்ததுபோல.
என்னுடையதின் வயிற்றில் மட்டும்
விழ நினைத்து விழாத ஒரு சொட்டு.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
அதற்குத்தான் தெரியும்.
எல்டன் உப்புத்தாளை நீட்டினான்.
வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மே கடைசியில், அவன் வீட்டு மரத்துறையில் நின்று
படகில்லாதவர்கள் எறியும் தூரத்துக்கு எறிந்தோம்.
என் மீன் நேராக நீந்தவில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து,
அடுத்த வீட்டுப் பேச்சுக்குக் காதுகொடுத்தபடி வந்தது.
நாற்பத்தோராவது எறியலில் அதன் பின்னால் ஒரு மஸ்கி,
என் இடுப்பு உயரம் இருக்கும், நிழலாகவே நீண்டது.
துறையின் கால்வரை வந்தது.
வயிற்றுக்கு நேர் கீழே நின்றது.
வாயைத் திறக்கவில்லை.
வாலை ஒரு முறை அசைத்து
வந்த ஆழத்துக்கே போய்விட்டது.

நான் சுருளைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தேன்.

“சுற்று,” என்றான் எல்டன்.