இடக்கை முடிச்சு

தேவா மலையில் ஆளுயரப் பனி விழுந்த வருஷம்
கதவைத் தட்டினாள்.
வழி தவறிவிட்டதாம். பெயர் ஓசாயோவாம்.
சரி, உள்ளே வா என்றேன்.
அவள் வந்த தடம் முற்றத்தில்
ஒரே கோடாய், நூல் ஓட்டித் தைத்ததுபோல் கிடந்தது.
மனுஷர் அப்படி நடப்பதில்லை.
துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டேன்.

கதைகள் எனக்கும் தெரியும்.
எட்டிப் பார்த்தவன்,
நீ யார் என்று கேட்டவன்,
எல்லோர் வீட்டிலும் மறுநாள்
ஒரு கிண்ணம்தான் கழுவக் கிடந்தது.

அதனால் நான் பார்க்கவில்லை.
மரத்தொட்டியில் அவள் குளிக்கையில்
காகிதக் கதவில் விழுந்த நிழலில்
எது கூடுதல் என்று பார்க்கவில்லை.
பொரித்த டோஃபுவை மெல்லாமல் விழுங்கியதைப் பார்க்கவில்லை.
பாயில் ஒட்டிய செம்மயிரை விடியுமுன் பொறுக்கி
அடுப்புக்குழியில் போட்டேன்.
வீடெல்லாம் தீய்ந்த நாற்றம்.
"மீசோ அடிப்பிடித்துவிட்டது."
"ஆமாம்" என்றாள்.
அன்று உலையே வைக்கவில்லை நாங்கள்.

நாயைக் கீழூர் கம்பேயிடம் கொடுத்தேன்.
ஏன் என்றான்.
குரைக்கிறது என்றேன்.
நாய் வேறென்ன செய்யும் என்று சிரித்தான்.

அவள் வந்தபின் என் கரிச்சூளை ஒருமுறையும் அவியவில்லை.
ஒரு மூட்டை கரி கேட்டு வந்தவன்
மூன்று மூட்டை வாங்கிப் போனான்.
சகாதா வியாபாரி தன் கடன் ஏட்டில்
என் பெயர்மேல் கோடு கிழித்தான்.
இரவுகளில் அவள் தூங்கும்போது
சட்டைக் கை மேலேறும்;
இடது மணிக்கட்டைச் சுற்றி மயிர் முளைக்காத வெள்ளை வளையம்.
அதை மட்டும் பார்த்தேன்.

கண்ணியை அறுத்தவன் நான்தான்.
அதை வைத்தவனும் நான்தான்.
அந்த மாதம் தோலுக்கு விலை இல்லை,
கத்தியை உறையில் போடக் கை விறைத்திருந்தது, அவ்வளவுதான்.
இதற்கா கைம்மாறு?
மூன்று குளிர்காலமாய்ச் சொல்ல வாய் எடுத்து
தேநீரை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பனி உருகியது.
அரிசி மூட்டைகளை நகர்த்தி
பின்கட்டைக் கூட்டினாள்.
அங்கேதான் ஒளித்திருந்தேன் மீதிக் கண்ணிகளை.
இடக்கைக்காரன் போடும் முடிச்சு
இந்த மலையில் என்னுடையது ஒன்றுதான்.
துடைப்பச் சத்தம் நின்றது.
நான் கோடரியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்,
தீட்டி முடித்த கோடரியை.

பிறகு மறுபடி சத்தம் கேட்டது.
சாயங்காலம் போய்ப் பார்த்தேன்:
அதே இடத்தில் அதே கயிறுகள்,
நான் சுருட்டி வைத்ததைவிட ஒழுங்காய்.

சமையல் பக்கமிருந்து குரல்:
"முள்ளங்கி போடட்டுமா?"
"போடு" என்றேன்.